இருபதாவது அணியை எங்கே வைப்பது?

ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல் 17 அணிகளோடு நின்றுவிடாமல் விரிவடைகிறது. 2027இல் பெர்த், 2028இல் பப்புவா நியூ கினி என்பது முடிவாகிவிட்டது. அதற்கடுத்த இருபதாவது இடம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது கேள்வி. ஒரே சொல்லில் கேட்டால் கிறைஸ்ட்சர்ச் என்பேன். ஆனால் காரணம் தெரியாமல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போவதில் பயன் இல்லை. ஊரின் பெயரை மட்டும் பார்த்து அணி கொடுத்ததால்தான் இந்த விளையாட்டு ஏற்கெனவே அரை டஜன் கழகங்களைப் புதைத்திருக்கிறது.

மேற்கு சிட்னியில் துங்காபியில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். பராமட்டா மைதானம் ரயிலில் பத்து நிமிடம். இந்தப் பகுதியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் கிரிக்கெட் மட்டையைத் தொடும் முன்பே பராமட்டாவின் ஈல்ஸ் அணியின் நீலமும் மஞ்சளும் அணிந்துவிடுகிறார்கள். என் ஈடுபாடும் அப்படிப் பிள்ளைகள் வழியாக வந்ததே. விளையாட்டு புதிதாக இருப்பவர்களுக்காக இரண்டு வரி: ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுபவரை எதிரணி மடக்கி வீழ்த்தலாம். அப்படி ஆறு முறை வீழ்ந்தால் பந்து கைமாறும். 1895இல் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில், வேலையை விட்டு ஆட வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அந்த நாள் கூலியைக் கொடுப்பதா வேண்டாமா என்ற சண்டையில் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்த விளையாட்டு இது. உழைப்பாளர் பகுதிகளில் வேர் பிடித்து, மற்ற இடங்களில் தடுமாறுவது அன்றிலிருந்தே இதன் இயல்பு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 16 அணிகள் இருந்தால் வாரத்துக்கு 8 ஆட்டம். 17 இருந்தாலும் 8 ஆட்டம்தான், ஒரு அணி ஓய்வில் உட்கார்ந்திருக்கும். 18 வந்தால் 9. 19 வந்தாலும் அதே 9. ஆக, 2023இல் பதினேழாவது அணியாக டால்பின்ஸ் வந்தபோது வார ஆட்டங்களின் எண்ணிக்கை கூடவில்லை. பெர்த் வரும்போதுதான் கூடுகிறது. பப்புவா நியூ கினி வரும்போது மறுபடியும் கூடாது. தொலைக்காட்சி நிறுவனங்கள் பணம் கொடுப்பது ஆட்டங்களுக்கு; அணிகளுக்கு அல்ல. எனவே 19ஆவது அணியைச் சேர்த்த கணமே 20ஆவது அணியும் தேவைப்பட்டுவிட்டது. இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027 முடிவோடு காலாவதியாகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த அவசரம்தான் எனக்குக் கவலை தருகிறது. அவசரத்தில் அணி சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1995 சாட்சி.

அந்த ஆண்டில் ஒரே மூச்சில் நான்கு அணிகள் சேர்க்கப்பட்டன: ஆக்லாந்து வாரியர்ஸ், டவுன்ஸ்வில்லைத் தளமாகக் கொண்ட வடக்கு குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ், பெர்த்தில் வெஸ்டர்ன் ரெட்ஸ், பிரிஸ்பேனில் தெற்கு குயின்ஸ்லாந்து க்ரஷர்ஸ். மொத்தம் 20 அணிகள். அதே ஆண்டு ஏப்ரலில், ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் சூப்பர் லீக் என்ற போட்டித் தொடரைத் தொடங்க வீரர்களை விலைக்கு வாங்கத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஊடக அதிபர் கெர்ரி பாக்கர். 1997இல் ஒரே நாட்டில் இரண்டு தொடர்கள் நடந்தன, ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். 1998இல் சமாதானமாகி என்ஆர்எல் பிறந்தபோது, 2000க்குள் 14 அணிகளாகச் சுருக்குவது என்ற நிபந்தனையும் கூடவே பிறந்தது. நான்கில் இன்று மிஞ்சியிருப்பவை வாரியர்ஸும் கவ்பாய்ஸும்.

ரெட்ஸின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெர்த்துக்கு ரக்பி லீக் ஒத்துவராது என்று சொல்பவர்கள் எல்லோரும் அதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்தக் கழகத்துக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை என்ன தெரியுமா? சிட்னியிலிருந்து பெர்த் வரும் எதிரணியின் விமானச் செலவையும் தங்கும் செலவையும் ரெட்ஸே ஏற்க வேண்டும். கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம். தன்னுடைய பயணச் செலவோடு விருந்தாளியின் செலவும். பிறந்த குழந்தையின் தலையில் ஊர்ச் சுமையை ஏற்றிவிட்டு, அது நடக்கவில்லையே என்று குறைசொல்வது போன்றது இது. மூன்றே பருவத்தில், 1997 முடிவில், கதை முடிந்தது. அங்கே ஆடிய மேட் கெயரும் ராட்னி ஹோவும் மறு ஆண்டே புதிதாகத் தொடங்கிய மெல்போர்ன் ஸ்டார்முக்குப் போனார்கள். அதேபோல் மூடப்பட்ட ஹண்டர் மாரினர்ஸிலிருந்து பிரெட் கிம்மர்லி வந்தார். இரண்டாவது பருவத்திலேயே, 1999இல், ஸ்டார்ம் சாம்பியன்.

பெர்த்தைப் போலவே மெல்போர்னும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் கோட்டைதான். சொல்லப்போனால் அந்த விளையாட்டு பிறந்த ஊரே அது. அங்கே ரக்பி லீக் ஆடும் சிறுவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். ஆனால் ஸ்டார்முக்குப் பின்னால் மர்டாக்கின் நிறுவனம் 2013 வரை உரிமையாளராக நின்று நட்டத்தைத் தாங்கியது. 2003இல் வந்த பயிற்சியாளர் கிரெய்க் பெல்லமியை மாற்றவே இல்லை. நடுவில் 2010இல், ஊதிய உச்சவரம்பை மீறி ரகசியமாகச் சம்பளம் கொடுத்தது அம்பலமாகி, 2007, 2009 பட்டங்கள் பறிக்கப்பட்டன. இன்னொரு கழகமாக இருந்தால் அதோடு மூடியிருக்கும். பின்னால் பணமும் பொறுமையும் இருந்ததால் ஸ்டார்ம் தப்பியது. ஆக, அந்நிய மண்ணில் ஒரு அணி வாழ்ந்தது, இன்னொன்று செத்தது. வித்தியாசம் மண்ணில் இல்லை, நிபந்தனையில் இருந்தது.

இதை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். பிரிஸ்பேனைவிட ரக்பி லீக் ஊறிய நகரம் அதிகம் இல்லை. அங்கேயே க்ரஷர்ஸ் கடனில் மூழ்கி மூன்று பருவத்தில் மறைந்தது. கோல்ட் கோஸ்டில் 1988 முதல் 1998 வரை ஜயண்ட்ஸ், சீகல்ஸ், கிளாடியேட்டர்ஸ், சார்ஜர்ஸ் என்று பெயரையும் உரிமையாளரையும் மாற்றிக்கொண்டே போய் இழுத்து மூடினார்கள். 2007இல் டைட்டன்ஸ் வந்த பிறகுதான் அங்கே ஒரு பெயர் நிலைத்தது. நல்ல மண் மட்டும் போதாது என்பதற்கு இவை சான்று.

அதனால் எந்த ஊரைப் பற்றியும் நான் கேட்பது இவைதான்: அங்கே சனிக்கிழமைக் காலை எத்தனை சிறுவர்கள் இந்தப் பந்தோடு ஓடுகிறார்கள்? தொடர்ந்து ஐந்தாறு ஆண்டு தோற்றாலும் கதவைச் சாத்தாத பணம் யார் கையில் இருக்கிறது? அந்த ஊர் வருவதால் போட்டிக்கு இதுவரை இல்லாத எது கிடைக்கிறது?

2023இல் வந்த டால்பின்ஸ் முதல் இரண்டு கேள்விகளுக்கும் முழு மதிப்பெண் பெற்றது. பிரிஸ்பேனை ஒட்டிய ரெட்கிளிஃபில் 1947இல் தொடங்கிய கழகம். சொந்தமாக மைதானமும் மனமகிழ் மன்றமும் வணிக வளாகமும் வைத்திருந்தது. பயிற்சியாளராக வெய்ன் பென்னட். பெரிய நட்சத்திரம் யாரும் கிடைக்காமல் முதல் ஆட்டத்துக்கு வந்து, சிட்னி ரூஸ்டர்ஸை 28-18 என்று வீழ்த்தினார்கள். புதிய கழகத்துக்கு உரிய பதற்றம் அவர்களிடம் இல்லை. எழுபது ஆண்டுப் பழைய கழகம் மாடி ஏறியது போலத்தான் இருந்தது.

2027இல் வரும் பெர்த் பேர்ஸ் (கரடிகள்) மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில். பெர்த் நேரம் சிட்னிக்கு இரண்டு மணி நேரம் பின்தங்கியது. கோடைக்கால நேர மாற்றத்தில் மூன்று. பெர்த்தில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் சிட்னி வீடுகளில் இரவு உணவுக்குப் பிந்தைய எட்டு மணி ஆட்டம். ஒளிபரப்பாளருக்கு இது பொன். கிழக்கு மாநிலங்களிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்து தங்கியவர்கள் அங்கே ஏராளம். நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரின் ஓர் ஆட்டத்துக்கு 2019இல் ஏறத்தாழ 60,000 பேர் வந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலிய அரசும் இந்த முறை பணத்தோடு நிற்கிறது.

அதில் இன்னொரு நெகிழ்ச்சியும் உண்டு. அந்தக் கரடிச் சின்னம் 1908இல் போட்டி தொடங்கியபோது ஆடிய வடக்கு சிட்னி கழகத்தின் சின்னம். 1922க்குப் பிறகு பட்டமே வெல்லாத அணி. தொண்ணூறுகளின் இறுதியில் வடக்கே காஸ்ஃபர்டுக்குக் குடிபெயர நினைத்து, புதிய மைதானக் கட்டுமானம் தாமதமாகி, கடன் முற்றி, மேன்லி கழகத்தோடு கட்டாயத் திருமணம். அதுவும் 2002இல் முறிந்தது. பழைய ரசிகர்கள் கால் நூற்றாண்டாக அந்தச் சிவப்பும் கறுப்பும் கலந்த சட்டையை மடித்து வைத்துக் காத்திருந்தார்கள். அவர்கள் மகிழ்வது நியாயம். ஆனால் பெர்த் சிறுவனுக்கு இது சிட்னியின் பழைய சட்டை என்று தோன்றிவிடக் கூடாது. முதல் பருவத்திலேயே மேற்கு ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இரண்டு பேராவது களத்தில் நிற்க வேண்டும்.

பப்புவா நியூ கினி பற்றி எழுதும்போது என்னால் நடுநிலையாக இருக்க முடியவில்லை. உலகில் ரக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் நாடு அது ஒன்றே. எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாட்டை ஒரே பேச்சில் இணைப்பது இந்த விளையாட்டு. என்னோடு முன்பு வேலை பார்த்த மவுண்ட் ஹேகன்காரர் ஒருவர், ஆரிஜின் இரவில் தன் ஊரில் ஒரே வீட்டுக்குள் நியூ சவுத் வேல்ஸின் நீலச் சட்டையும் குயின்ஸ்லாந்தின் மரூன் சட்டையும் பேசிக்கொள்ளாது என்பார். 1999இல் ஸ்டார்ம் பட்டம் வென்றபோது விளிம்பில் ஓடிய மார்கஸ் பாயும், 2020இல் வென்றபோது இருந்த ஜஸ்டின் ஓலமும் அந்த மண்ணின் பிள்ளைகள். 2014 முதல் குயின்ஸ்லாந்து மாநிலப் போட்டியில் ஆடும் பிஎன்ஜி ஹண்டர்ஸ் 2017இல் பட்டமே வென்றது. திறமை இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. போர்ட் மோர்ஸ்பி தொலைவு என்பதும் தவறு. கெய்ர்ன்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், நேரமும் பிரிஸ்பேன் நேரமே.

கேள்வி பணத்தின் தன்மையைப் பற்றியது. ஆஸ்திரேலிய அரசு பத்து ஆண்டுகளுக்கு 60 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. பசிபிக்கில் சீனாவின் செல்வாக்கு வளராமல் பார்த்துக்கொள்வதே அதன் உள்நோக்கம் என்பதை யாரும் மறைக்கவில்லை. விளையாட்டுக்கு அரசியல் பணம் வருவதில் எனக்கு வெறுப்பு இல்லை; நட்டம் தாங்க ஒருவர் வேண்டும், அது அரசாகவே இருக்கட்டும். ஆனால் அரசியல் பணத்துக்கு ஆயுள் உண்டு. பதினோராவது ஆண்டில் கான்பராவின் அக்கறை வேறு பக்கம் திரும்பினால் அந்தக் கழகம் தன் காலில் நிற்க வேண்டும். ஆகவே அந்தப் பத்து ஆண்டில் பெரும் பங்கு, வெளியிலிருந்து வரும் நட்சத்திரங்களுக்கான சொகுசுக் குடியிருப்பைவிட, மலைநாட்டுப் பள்ளிகளுக்கும் பதினைந்து வயதுப் பையன்களுக்கான விடுதிகளுக்கும் போக வேண்டும். தொடக்கத்தில் வெளிநாட்டு வீரர்கள் தேவை, அதை மறுக்கவில்லை. பத்தாவது ஆண்டில் அணியில் பாதிக்கு மேல் உள்ளூர்க்காரர் இல்லையென்றால் அந்த முயற்சி தோற்றதாகவே நான் கொள்வேன், பட்டமே வென்றிருந்தாலும்.

சரி, இருபதாவது. போட்டியில் இருக்கும் ஊர்களில் சிலவற்றைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். காஸ்ஃபர்ட் உள்ள மத்தியக் கடற்கரையில் மைதானம் தயார், சிறுவர்களும் ஆடுகிறார்கள். ஆனால் சிட்னிக்கும் நியூகாஸிலுக்கும் நடுவே பத்தாவது சிட்னி அணி போலத்தான் ஆகும். சிட்னியில் ஒன்பது கழகங்கள் ஏற்கெனவே ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன. அடிலெய்டில் ராம்ஸ் அணி 1997இல் தன் முதல் சொந்த மைதான ஆட்டத்துக்கு 27,000க்கும் அதிகமானோரை ஈர்த்தது. அடுத்த ஆண்டோடு அணியே இல்லை. ஆரிஜின் ஆட்டம் வைத்தால் அங்கே கூட்டம் நிறைகிறது என்பார்கள். திருவிழாவுக்கு வரும் கூட்டம் வேறு, மழை பெய்யும் ஜூலை ஞாயிறன்று எட்டாவது தோல்வியைப் பார்க்க வரும் கூட்டம் வேறு. ஃபிஜி, சமோவா, டோங்கா மூன்றும் வீரர்களை வாரி வழங்குகின்றன; சொந்த மைதான ஆட்டங்களின் வருமானம் அங்கே ஒரு கழகத்தைத் தாங்காது என்பது வருத்தமான உண்மை.

உண்மையான போட்டியாளர் இப்ஸ்விச். பிரிஸ்பேனுக்கு மேற்கே உள்ள பழைய நிலக்கரி, ரயில் ஊர். ஆலன் லாங்கரும் வால்டர்ஸ் சகோதரர்கள் மூவரும் வளர்ந்த இடம். குடும்பங்கள் வேகமாகக் குடியேறும் பகுதி. சிறுவர்களுக்குக் குறைவே இல்லை. 2021இல் டால்பின்ஸுக்குக் கிடைத்த இடத்துக்கு மேற்குப் பகுதியும் போட்டியிட்டுத் தோற்றது. என் மனம் அங்கே சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது கேள்வியில் அது தடுக்கி விழுகிறது. இப்ஸ்விச் வீடுகளில் ஏற்கெனவே பிரிஸ்பேன் அணியான பிரான்கோஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் டால்பின்ஸும். புதிய பார்வையாளர் யாரும் வரப்போவதில்லை. இருப்பவர்களே பங்கு பிரிவார்கள். பெரிய அணிக்கு ஏற்ற மைதானமும் அங்கே இல்லை.

கிறைஸ்ட்சர்ச்சுக்கு வருவோம். ஐம்பது லட்சத்துக்கும் மேலான மக்கள் உள்ள நியூசிலாந்துக்கு 1995 முதல் இன்றுவரை ஒரே அணி. 2002, 2011 என இரண்டு முறை இறுதியாட்டம் வரை போய், ஒரு பட்டமும் இல்லாமலே வாரியர்ஸ் அந்த நாட்டில் பெற்றிருக்கும் அன்பை 2023இல் எல்லோரும் பார்த்தோம். அவர்களின் மவுண்ட் ஸ்மார்ட் மைதானத்தில் டிக்கெட் கிடைப்பதே அரிதாகிவிட்டது. என்ஆர்எல் வீரர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மாவோரி அல்லது பசிபிக் தீவு வம்சாவளி. அவர்களில் நியூசிலாந்தில் வளரும் பையன் பதினைந்து வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோல்ட் கோஸ்டுக்கோ சிட்னிக்கோ போகிறான். ஃபக்காட்டானேயில் வளர்ந்த பென்ஜி மார்ஷல் கோல்ட் கோஸ்டில் ஒரு பள்ளியின் உதவித்தொகையில் படித்துத்தான் 2005இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்குப் பட்டம் வென்று தந்தார். இன்னொரு அணி இருந்தால் அந்தப் பையன்களில் ஒரு பகுதியினர் தாயின் சாப்பாட்டை உண்டே வளரலாம். ரக்பி யூனியன் பள்ளிகளும் அதே பையன்களைத்தான் தேடுகின்றன. யூனியன் வேர்விட்ட நாட்டில் தென் தீவின் சிறுவனுக்கு முன்னால் லீக் என்ற வழி தொலைக்காட்சியில் மட்டுமே தெரிகிறது.

தென் தீவில் லீக் இல்லை என்பவர்களுக்கு அதன் மேற்குக் கரையைத் தெரியாது. கிரேமவுத், ருனங்கா போன்ற நிலக்கரி ஊர்கள் ஒரு காலத்தில் நியூசிலாந்து அணிக்கே ஆள் அனுப்பியவை. ஹடர்ஸ்ஃபீல்டில் நடந்த அதே கதை, கடல் தாண்டி. கிறைஸ்ட்சர்ச்சில் இன்னொரு செய்தி உண்டு. 2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் லங்காஸ்டர் பார்க் சிதைந்து, பிறகு இடிக்கப்பட்டது. ரக்பி யூனியனின் பெருமைக்குரிய க்ரூசேடர்ஸ் அணி 2012 முதல் ஆடியது எங்கே? ஆடிங்டனில் இருந்த ரக்பி லீக் மைதானத்தில், தற்காலிக இருக்கைகளோடு. வீடிழந்த அண்ணனுக்குத் தம்பி திண்ணை கொடுத்தது போல. இப்போது நகரின் நடுவே 30,000 பேர் அமரக்கூடிய, கூரை மூடிய புதிய மைதானம் எழுந்திருக்கிறது. குளிர்காலத்தில் ஆடும் விளையாட்டுக்குத் தென் தீவில் கூரை எவ்வளவு பெரிய வரம் என்பதை அங்கே ஒரு ஜூலை இரவில் நின்றவர் அறிவார். அந்த மைதானத்துக்கு ஆண்டில் இன்னும் பன்னிரண்டு ஆட்டங்கள் தேவை. இந்த விளையாட்டுக்கு அந்த மைதானம் தேவை.

நேரக் கணக்கும் பொருந்துகிறது. நியூசிலாந்து சிட்னிக்கு இரண்டு மணி நேரம் முன்னால். சனிக்கிழமை கிறைஸ்ட்சர்ச்சில் ஐந்தரை மணி ஆட்டம் சிட்னியில் மூன்றரை மணி. அது முடிந்ததும் சிட்னி ஆட்டம். அதுவும் முடிந்ததும் பெர்த். ஒரே நாளில் சூரியனைத் துரத்திக்கொண்டு மூன்று ஆட்டம்.

வெலிங்டனும் கேட்கிறது, அதையும் மதிக்கிறேன். ஆனால் அது ஆக்லாந்து இருக்கும் வடக்குத் தீவிலேயே இருக்கிறது. வாரியர்ஸின் ரசிகர்களைப் பிரிக்காமல் புதிய எல்லைக்கோடு போட வேண்டுமென்றால், இரு தீவுகளையும் பிரிக்கும் குக் நீரிணையில் இயற்கை போட்ட கோடே போதும்.

எதிர்வாதங்களில் நான் அஞ்சுவது ஒன்றைத்தான்: ஆட்கள் போதுமா? மூன்று புதிய கழகங்கள் என்றால் முதன்மைக் குழுவில் தலா 30 என்று 90 ஒப்பந்தங்கள். முன்வரிசையில் மோதும் பெரிய உடல்களும் விளிம்பில் ஓடும் வேகக்காரர்களும் கிடைத்துவிடுவார்கள். ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக் கிடைப்பதில்லை. இப்போதுள்ள அணிகளிலேயே நம்பி ஒப்படைக்கத்தக்க ஹாஃப்பேக் உள்ளவை பாதிதான் என்பது என் மதிப்பீடு. அந்தப் பஞ்சத்தை நீக்க ஆறேழு ஆண்டு வளர்ப்பு வேண்டும். ஆகவே கிறைஸ்ட்சர்ச்சுக்கு அனுமதியை இன்றே கொடுத்துவிட்டு, அணியை 2030க்கு முன்னால் களத்தில் இறக்காமல் இருப்பதே சரி. இடையில் 17 வயதுக்கும் 19 வயதுக்கும் உட்பட்டோருக்கான அணிகளை முதலில் ஆடவிட வேண்டும். பெண்கள் அணியையும் அப்போதே தொடங்கலாம். பயணச் செலவு போட்டியின் பொதுப்பணத்திலிருந்து வர வேண்டும். ரெட்ஸுக்குச் செய்த அநியாயம் எந்தக் கழகத்துக்கும் மறுபடி நடக்கக் கூடாது. முதல் பத்து ஆண்டுகளில் கழகத்தை மூடவோ இடம் மாற்றவோ முடியாது என்று உரிமப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையை நான் வற்புறுத்தக் காரணம் சவுத் சிட்னி. 1908இன் முதல் பட்டத்தை வென்ற அந்தக் கழகத்தை, 14 என்ற எண்ணுக்குள் அடக்க 1999 முடிவில் வெளியேற்றினார்கள். 2000 நவம்பரில் ஏறத்தாழ 80,000 பேர் சிட்னித் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். வழக்கு நடந்து 2002இல் அணி திரும்பியது. அந்த ஊர்வலம் போகும் வலிமை பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் இருக்கவில்லை. தொண்ணூறு ஆண்டு ரசிகர்கள் அங்கே இல்லை, மூன்று ஆண்டு ரசிகர்களே இருந்தார்கள். அவர்கள் பேசாமல் கால்பந்துக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் முதல் சட்டையை வாங்கும் பத்து வயதுச் சிறுமிக்கு, அவள் இருபது வயதாகும்போதும் அந்த அணி அங்கேயே இருக்கும் என்று எழுத்தில் சொல்ல, போட்டியை நடத்தும் ஆணையத்துக்குத் துணிவு இருந்தால் உரிமத்தைக் கொடுக்கட்டும். இல்லையென்றால் 19 அணிகளோடு, வாரம் ஒரு அணி ஓய்வில் இருக்க, இன்னும் சில ஆண்டுகள் ஆடுவதே மேல்.